செஞ்சிக் கோட்டைக்குள் பொம்மை மனிதர்களை நடமாட விடப் போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அடுத்து என்ன வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவியிலோ கைப்பேசியிலோ ஒரு மெய்நிகர் செஞ்சி வரும். இடிந்த சுவர்கள் முழுசாக எழும்பும். கல்யாண மகாலில் விளக்கு எரியும். தேசிங்கு ராஜாவும் நடந்து வருவார். கட்டடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அளந்து கட்டிவிடுவார்கள். அதில் நடமாடப் போகும் மனிதர்களைப் பற்றித்தான் கவலை.

சென்னையில் அனிமேஷன் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், தான் செய்த ஒரு காவல் வீரனை மடிக்கணினியில் காட்டினான். தலைப்பாகை மடிப்பு, மீசை, நெற்றி வியர்வை எல்லாம் அச்சு அசல். ஆனால் அந்த வீரன் ராஜகிரிப் படியில் ஏறியது பஸ் ஸ்டாண்டில் நடப்பது போல இருந்தது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். நம் ஊரில் யாரும் அப்படி ஏறுவதில்லை. பாதிக்கு மேல் கை தானாகத் தொடைக்குப் போகும். உடம்பு முன்னால் சாயும். பேச்சு குறையும். திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, ஊரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்போம். "அந்தப் பார்வையை வைடா, உன் வீரனுக்கு உயிர் வந்துடும்" என்றேன். "சார், வியர்வைக்கே பத்து நாள் ஆச்சு" என்றான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. உழைப்பெல்லாம் தோலுக்குப் போகிறது. உயிரோ பாரத்திலும் மூச்சிலும் எண்ணத்திலும் இருக்கிறது.

ஜப்பானிய ரோபோ பொறியாளர் மசாஹிரோ மோரி 1970லேயே இதைப் பற்றி எழுதினார். பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும். ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற நிலைக்கு வந்து, ஏதோ ஒரு சின்னக் குறை மிஞ்சும்போது, திடீரென்று பிணத்தைப் பார்ப்பது போல மனம் கூசும். நடிகர்களின் அசைவைக் கருவியால் பதிந்து எடுத்த 'கோச்சடையான்' 2014இல் வந்தபோது, முகத்திலும் கண்ணிலும் உயிர் இல்லை என்றுதான் பலரும் குறைப்பட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக நம் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தை நினைத்துப் பாருங்கள். துரியோதனன் என்பது தரையில் கிடக்கும் பெரிய மண் உருவம். அசையாது, கண் சிமிட்டாது. ஆனாலும் கூடியிருக்கும் ஜனம் அதை மண் என்று நினைப்பதில்லை. ஏன்? பீமன் வேஷக்காரர் அதை நெருங்கும் விதம், சுற்றி நிற்பவர்கள் விலகும் விதம், எழும் அழுகை. ஒரு பாத்திரம் மெய்யாவதற்கு அதன் முகம் மட்டும் போதாது, எதிரே நிற்பவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் சேர வேண்டும். மெய்நிகர் உலகம் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. தேசிங்கு வரும்போது அங்கே நெல் அளப்பவர் கையை நிறுத்துகிறாரா? பல்லக்குத் தூக்கி தோள் மாற்றுகிறாரா? பார்க்க வந்த நம்மை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

கூத்து இன்னும் கற்றுத் தரும். வேஷக்காரர் சட்டென்று சபைக்கு வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முதலில் குரல், பிறகு சலங்கைக் காலும் கிரீடத்தின் நுனியும், அதன்பின்தான் ஆள். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட புத்தகத்தில் 12 விதிகள் சொல்கிறார்கள். அதில் ஒன்று, எந்தச் செயலுக்கும் முன்னே அதற்கான ஆயத்தம் தெரிய வேண்டும் என்பது. நம் ஆட்கள் அதை ஒரு துணியை வைத்துக்கொண்டு செய்து காட்டுகிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் முக்கிய இடமாக வைத்து அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் பெரிய நூலே வெளியிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பார்த்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருவது கஷ்டமா?

கண்ணைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது தலையும் ஆடும். புரிந்த பிள்ளையின் கண் முதலில் நகரும், பிறகு தலை. புரியாத பிள்ளைக்குத் தலை மட்டும் ஆடும், கண் ஒரே இடத்தில் நிற்கும். கணினிப் பொம்மைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள்தான்.

இதெல்லாம் வெறும் அழகு சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு மாண்டார். கதைப்பாடலில் அவருக்காகக் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு வந்து உயிர் கொடுக்கும் நண்பனும் ஒரு முஸ்லிம்தான். நாளை பொம்மை செய்பவர்கள் நவாபுக்கு வில்லன் புருவத்தையும், நண்பனுக்கு எந்த முகபாவமும் இல்லாத ஒரு முகத்தையும் கொடுத்துவிட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளை அதையே சரித்திரமாக எடுத்துக்கொள்ளும். பாடப் புத்தகத்தில் ஒரு வரி தவறென்றால் திருத்தலாம். மனதில் பதிந்த முகத்தை எப்படித் திருத்துவது? ஒரு பாத்திரத்துக்கு முகபாவம் கொடுப்பது, அந்த மனிதரைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது மாதிரி.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, ராஜாவை மட்டும் செய்யாதீர்கள். படியேறும் காவலாளி, தண்ணீர் சுமக்கும் பெண், குதிரைக்காரர் எல்லோருக்கும் ஒரு வேலையும் ஓர் எண்ணமும் கொடுங்கள்.

இரண்டு, இந்த வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களை அழைத்து அவர்கள் அசைவைப் பதியுங்கள். சும்மா அல்ல. உரிய சம்பளம், திரையில் அவர்கள் பெயர், வேறு எதற்கும் அந்தப் பதிவைப் பயன்படுத்தினால் மறுபடி அனுமதி, மறுபடி கூலி. அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தது இப்படிப்பட்ட பாதுகாப்புக்காகத்தான். ஒரு விடியவிடியக் கூத்துக்கு வாங்கும் கூலியைக் கொடுத்துவிட்டு, காலத்துக்கும் அவர் உடம்பை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மூன்று, முடிந்ததும் முதலில் செஞ்சிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அரசுப் பள்ளி ஏழாம் வகுப்பைவிடக் கறாரான விமர்சகர்கள் உலகத்தில் இல்லை. உங்கள் தேசிங்கைப் பார்த்து அவர்கள் கிண்டல் செய்து சிரித்தால், கோபப்படாமல் எடுத்துப் போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள்.

இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள், இப்போது நான் மார்க் குறைக்க முடியாது!