மோட்டார் உறுமுகிறது! வயல் காய்கிறது!

பகல் பதினொரு மணி. கரண்ட் வந்துவிட்டது.

விவசாயி ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றவில்லை. "ம்ம்ம்..." என்று உறுமியது. ஐந்து நிமிடத்தில் வார்னிஷ் எரியும் நாற்றம் அடித்தது. அவ்வளவுதான். மோட்டார் புகைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த மோட்டார் ஒரு வண்டியில் ஏறி, சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

"தம்பி, எப்பக் கிடைக்கும்?"

"முன்னாடி நாலு மோட்டார் கிடக்கு, மாமா. நாளை மறுநாள் சாயங்காலம் வாங்க."

நாளை மறுநாள்! அதுவரை பயிர் தாங்குமா? நாற்று நட்டு நாலு நாள் ஆன வயலாக இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அன்று இரவு தூக்கம் ஏது?

வெள்ளாற்றுக் கரையில் மட்டும் நடக்கும் கதை அல்ல இது. தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். அதன் வாசலில் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும்.

ஏன் எரிகிறது?

திருவிழாவில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றி மூன்று பேர் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் சீராகச் சுற்றும். மூன்று பேஸ் மோட்டாரும் அப்படித்தான். மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம் முறை வைத்துத் தள்ளுகிறது. உள்ளே காந்த சக்தி வட்டமாக ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு நடுவில் இருக்கும் உருளை சுற்றுகிறது. அந்த உருளைக்கு வெளியிலிருந்து ஒரு கம்பி கூடக் கிடையாது!

இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் டெஸ்லா. அமெரிக்காவில் 1888-ம் ஆண்டு மே மாதம் இதற்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலியில் பெராரிஸ் என்பவரும் அதே காலத்தில் இதைக் கண்டார். மறு ஆண்டே டொப்ரொவோல்ஸ்கி என்ற ரஷ்யர், ஜெர்மனியில் மூன்று பேஸ் மோட்டாரைச் செய்து ஓட்டிக் காட்டினார். இன்று நம் வயலில் ஓடுவது ஏறக்குறைய அதே மோட்டார்தான்.

சரி, தள்ளும் மூவரில் ஒருவர் போய்விட்டால்? நின்ற ராட்டினம் கிளம்பாது. ஓடிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மூச்சு வாங்கித் தள்ளுவார்கள். ஒரு பியூஸ் போனால் நடப்பது அதுதான். மிச்சம் இருக்கும் கம்பிகளில் மின்சாரம் தாறுமாறாக ஏறுகிறது. காயில் கருகுகிறது.

வோல்டேஜ் குறைந்தாலும் இதே கதிதான். வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் முறுக்கு கால் பங்காகிவிடும். ஆனால் கிணற்றுத் தண்ணீரின் பாரம் குறையாதே!

கோவையில் பிறந்த மோட்டார்

1932-ம் ஆண்டில் நீலகிரியில் பைகாரா மின்சாரம் வந்தது. கோவைப் பக்கம் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் பம்பு செட் ஏறியது. மோட்டார் மட்டும் கப்பலில் வரவேண்டியிருந்தது.

"நாமே செய்தால் என்ன?" என்று கேட்டவர் ஜி.டி.நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஒரே ஒரு பஸ்சை வைத்து 1920-ல் தொழில் தொடங்கியவர். இவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ம் ஆண்டில் மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்ற தொழிற்சாலையை நடத்தினார். அதன் பிறகு கோவை மோட்டார் போகாத மாநிலம் இல்லை.

ஜி.டி.நாயுடு மோட்டாரோடு நிற்கவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்துச் சவரக் கத்தி செய்தார். தொழிற்கல்வி நிலையமும் தொடங்கினார். தொழில் கற்க இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று சண்டை போட்டார். அந்த நிலையம்தான் பிறகு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. அவர் சண்டையில் பாதி நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். இன்றும் மோட்டார் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு, கருகிய காயிலைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிரிப்பது என்று தெரியவில்லையே!

நெய்வேலியில் இரவு பகல் பம்பு

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில்தான் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

அந்தச் சுரங்கமே மோட்டாரால்தான் உயிரோடு இருக்கிறது. மண்ணை அள்ளும் ராட்சதச் சக்கரங்களைச் சுற்றுவது மோட்டார். நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக் கொட்டுவதும் மோட்டார். அந்தப் பம்புகள் நின்றால் சுரங்கத்தில் வெள்ளம்!

ஆக, மோட்டாரை வைத்து நிலக்கரி எடுக்கிறோம். நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்கிறோம். அந்த மின்சாரத்தில் வயல் மோட்டாரை ஓட்டுகிறோம். அந்த வயல்களில் சிலவற்றைச் சுரங்கத்துக்குக் கேட்கிறோம்.

2023-ம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. முன்பே எடுத்த நிலம் என்றது நிறுவனம். அறுவடை வரையாவது பொறுத்திருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். நானும் அதையேதான் சொல்வேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 5 குதிரை சக்தி மோட்டார் நல்ல நிலையில் இருந்தால், வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 85 பங்கை வேலையாகத் தரும். பல தடவை எரிந்து, நெருப்பு வைத்துக் காயிலைப் பிடுங்கி, கிடைத்த கம்பியைச் சுற்றிய மோட்டார் 70 பங்குதான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் ஒரு யூனிட் நஷ்டம். ஒரு யூனிட்டுக்கு நெய்வேலியில் ஒரு கிலோ அளவு பழுப்பு நிலக்கரி எரிகிறது. தினம் ஆறு மணி நேரம் ஓடினால் ஆறு கிலோ. ஒரே மோட்டாருக்கு! லட்சக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள். அத்தனை கரிக்கும் யாருடைய வயலைத் தோண்டுவது?

இலவச மின்சாரத்தை நிறுத்து என்று சிலர் கிளம்புவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1990 முதல் கிடைத்துவரும் அந்த மின்சாரம் இல்லாவிட்டால், பாதிக் கிணறு இன்று தூர்ந்து போயிருக்கும். ஆனால் பில் வராத மோட்டார் எவ்வளவு குடிக்கிறது என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்? நல்ல மோட்டாருக்கு அவர் ஏன் கூடுதல் பணம் கொடுப்பார்? மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கும் சர்க்கார்தான், அதை வீணாக்காத மோட்டாரையும் கொடுக்க வேண்டும். செலவு சர்க்காருக்கு, மிச்சமும் சர்க்காருக்கு!

புது மோட்டார்கள் வந்துவிட்டன. பழைய மின்விசிறி 75 வாட் தின்றது. காந்தம் வைத்த புது விசிறி 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தருகிறது. உள்ளே நகம் அளவு டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஓசூரில் செய்யும் மின்சார ஸ்கூட்டரிலும் காந்த மோட்டார்தான். அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அரிய தாதுக்களில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு போட்டதும் நம் தொழிற்சாலைகள் திண்டாடின. அந்தத் தாது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கலந்து கிடக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் கடைத்தெருவில் காத்திருக்கும் அந்த மாமாவுக்கு இன்று வேண்டியது காந்தம் அல்ல. ஒரு பேஸ் போனால் தானே மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டி. கடையில் விற்கிறது. காயில் கட்டும் கூலியை விடப் பெரும்பாலும் மலிவு. சர்க்கார் ஒவ்வொரு இணைப்போடும் அதை மாட்டித் தரட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். பக்கத்தில்தான் சிதம்பரம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளை, ஆண்டுக்கு ஒரு மாதம் காயில் கட்டும் கடைகளுக்கு அனுப்புங்கள். தகட்டைக் கெடுக்காமல் காயில் எடுப்பது எப்படி, சரியான கம்பி எது, கட்டி முடித்ததும் எதை அளந்து பார்ப்பது என்று அந்தத் தம்பிக்கு இவர்கள் சொல்லட்டும். உறுமலைக் கேட்டே எந்தக் காயில் போயிற்று என்று கண்டுபிடிப்பதை அவர் இவர்களுக்குச் சொல்லித் தருவார். அந்த மாதத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.