“அண்ணாச்சி, ஆத்துல தண்ணி எம்புட்டு வருது?”

ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரல், ஆத்தூர், முக்காணி, கொற்கைப் பக்கம் டீக்கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி, மருதூர் அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று பேச்சு நீளும். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

குளிர்நாடுகளில் வெள்ளம் வருவது வசந்த காலத்தில். பனி உருகி ஆறு நிரம்பும். அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் 2009 மார்ச்சில் ரெட் ரிவர் 40 அடியைத் தாண்டியது. அங்கே ஆறு மெல்ல ஏறும். எந்த நாளில் எத்தனை அடி வரும் என்று பல நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். மாணவர்கள் உட்பட ஊரே திரண்டு மணல் மூட்டை கட்டி அடுக்கியது. நமக்கு அந்த வசதி இல்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை மொத்தமே 130 கிலோமீட்டருக்குள்தான். மலையில் கொட்டும் மழை கடைமடைக்கு வந்து சேர மணிக்கணக்குதான். அதுவும் மழை மலையில் பெய்தால்!

2023 டிசம்பரில் மழை மலையில் மட்டும் பெய்யவில்லை.

அந்த டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு வானிலை ஆய்வு மையம் எடுத்த கணக்கைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 70 சென்டிமீட்டரைத் தொடாது. உப்பளத்துக்குப் பெயர் போன, காய்ந்து கிடக்கிற மாவட்டம் இது. காயல்பட்டினம் கடற்கரை ஊர். அதாவது ஊரே அணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மழை அணைக்குக் கீழே, நேராகத் தலை மேல் இறங்கியது.

அது புயல்கூட இல்லை. குமரிக் கடல் பக்கம் இருந்த வளிமண்டலச் சுழற்சி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது, டிவியில் வரைபடம் இருந்தது, நாள்கணக்கில் பேச்சு இருந்தது. தெற்கே வந்ததற்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாத மழைக்கு யார் பயப்படுவார்கள்?

சிவப்பு எச்சரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னெச்சரிக்கை சரியாக வந்ததா, எப்போது வந்தது என்று மாநில அரசும் மத்திய அரசும் அப்போது மாறி மாறிப் பேசின. அந்தச் சண்டையில் இறங்க எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பட்டது வேறு. 21 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் ‘அதி கனமழை’, நிறம் சிவப்பு. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு. அதற்கு மேல் நிறமே இல்லை. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் மழைக்காலத்தில் எத்தனை சிவப்பு அட்டை போடுகிறோம் என்று எண்ணினால் உங்களுக்கே அலுத்துவிடும். படிப்பவர்கள் ‘நம்ம ஊருக்கு லீவு உண்டா’ என்று மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கடைமடை ஊர்களில் வெள்ளம் ஆற்று வழியாக மட்டும் வருவதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் தாமிரபரணியின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். நல்ல வருஷத்தில் இந்த ஏற்பாட்டைப் போல அழகு கிடையாது. 95 சென்டிமீட்டர் மழையில், மேலே உள்ள குளத்தின் கரை உடைந்தால் அடுத்த குளமும் தாங்காது. கடம்பா குளம் உடைந்தது அப்படித்தான். தூத்துக்குடிக்கு மேற்கே கோரம்பள்ளம் குளம் உடைந்து, அந்தோணியார்புரம் பக்கம் நெடுஞ்சாலை அறுத்துக்கொண்டு போனது. நெல்லையும் தூத்துக்குடியும் துண்டாயின. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையும் போனது.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் கதை நினைவிருக்கும். அன்று இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே சுமார் 800 பேர். அதற்கப்பால் செய்துங்கநல்லூர் வரை தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. சுமார் 300 பேரை முதலில் பக்கத்தில் உள்ள பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். பிறகு அந்த வழியும் அடைபட்டது. மீதி 500 பேருக்கு ஸ்டேஷனே தீவு. பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள் தங்கள் வீட்டு அரிசி பருப்பை எடுத்துக் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகுதான் ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19-ம் தேதி எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

ராணுவம், பேரிடர் மீட்புப் படை, கடலோரக் காவல் படை எல்லாம் வந்தன. ஆனால் அவை வந்து சேரச் சாலை வேண்டும். மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதுதான் பல தெருக்களுக்கு முதல் உதவி. முத்துக்குளித்த கரையின் ஆட்களுக்குத் தண்ணீரின் குணம் தெரியும். வாழைத்தோப்புக்கு நடுவே படகு ஓட்டுவதுதான் புது அனுபவமாக இருந்திருக்கும்.

ஒரு டிஜிட்டல் நிருபராக எனக்கு உறுத்துவது செல்போன்தான். கரண்ட் போனது, டவர் செத்தது. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் ஏரலில் தனியாக இருந்த அம்மாவுக்கு நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார்கள். தெருப் பெயரும் வீட்டு அடையாளமும் எழுதி, ‘யாராவது பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்கு நடுவே இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எதுவும் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு 2024-ல் ‘டி.என். அலர்ட்’ செயலி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டவர் போன பிறகு எந்தச் செயலியும் வேலை செய்யாது. கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கியும், அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டரும், மாடி வீடு யாருடையது என்ற பட்டியலும் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கொற்கைக்கு இது புதிதல்ல. பாண்டியரின் துறைமுகம், கிரேக்கர்கள் எழுதி வைத்த முத்துப் பட்டினம். இன்று அங்கே போனால் குளமும் வயலும் பழைய வன்னி மரமும்தான். கடல் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. காரணம் இதே ஆறு. வெள்ளத்தில் கொண்டுவந்த வண்டலை வருஷா வருஷம் வாயில் கொட்டிக் கொட்டி, துறைமுகத்தையே தூர்த்துவிட்டது. கொற்கைக்குப் பிறகு பழையகாயல் தலையெடுத்தது, அதுவும் தூர்ந்து, பிறகு புன்னக்காயல், கடைசியில் தூத்துக்குடி. ஏரல் வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் செழிப்பது அந்த வண்டலில்தான்.

ஆனால் பழைய ஆற்றுக்கு அகலமும் ஆழமும் இருந்தன. இப்போது ஆற்றுக்குள்ளும் குளத்துக்குள்ளும் சீமைக் கருவேலம் காடாக நிற்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வார வைக்கவே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. உபரி வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்து, சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பக்கம் கொண்டுபோகும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் ஆரம்பித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது நல்ல திட்டம். ஆனாலும் அது ஆற்றில் வரும் தண்ணீரைப் பிரிக்கும், காயல்பட்டினத்தின் மேல் பெய்யும் மழையைப் பிரிக்காது. அதற்கு ஊருக்குள் இருக்கும் ஓடைகள்தான் வழிவிட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். சகதியில் போன ரேஷன் கார்டு, சான்றிதழ்களுக்கு முகாம் நடத்தினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேறு புகுந்த கடைகளுக்கு 6,000 ரூபாய் எந்த மூலைக்கு? கடைச் சரக்குக்குக் காப்பீடு எடுக்கலாம் என்பது நம் சின்ன வியாபாரிகள் பலருக்கு யாரும் சொல்லாத விஷயம். எடுத்திருந்தாலும் பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

2024 டிசம்பரிலும் ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையோர ஊர்களில் இப்போது மழை வலுத்தால் சிலர் தாங்களாகவே சாமானை மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

உங்கள் வீடும் ஆற்றங்கரையிலோ குளத்துக்குக் கீழேயோ இருந்தால், புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பத்திரம், ஆதார், படிப்புச் சான்றிதழ் எல்லாம் தடிமனான பிளாஸ்டிக் உறையில், பரண் மேல். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பத்து நாளுக்கு. பவர் பேங்க் இருந்தாலும் டார்ச் தனியாக. மாடு கட்டியிருந்தால் தண்ணீர் ஏறும்போது கயிற்றை அவிழ்த்துவிட யார் போவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இரவில் கட்டிய இடத்திலேயே செத்த மாடுகள் அந்த டிசம்பரில் ஏராளம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இதைச் சுவரில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் வேண்டாம்.

ஊரில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்தத் தெருவில் மாடி வீட்டுக்காரர் நம்பரையும், பக்கத்துத் தெருவில் ஒருவர் நம்பரையும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். மழை வலுக்கும் நாளில், டவர் போவதற்கு முன்னால், முதல் போன் அம்மாவுக்கு அடியுங்கள். இரண்டாவது போன் அந்த மாடி வீட்டுக்கு.