கந்தகம் கலந்த டீசலும் புது வண்டியும்

தீவக உறவுகளே,

பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக நாங்கள் பேசி வைத்த வான், புறப்படும் நாளில் வரவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்து, வேகம் எடுக்காமல் நின்றுவிட்டதாம். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசில் வாங்கிய புது மொடல் வண்டி. கராஜில் சொன்ன வைத்தியம்: "அந்த யூரியா சிஸ்டத்தைக் கழற்றி விடுங்கோ."

கழற்றுவதற்கு முன் அது என்ன என்று அறிவோம். டீசல் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கூட்டும். புது வண்டிகளில் யூரியாக் கரைசலைப் புகைக்குள் தெளிக்கிறார்கள். யூரியா சூட்டில் அமோனியாவாகும். அடுத்து சியோலைற் என்ற நுண்துளைப் பொருள். பலவற்றில் அந்தத் துளைகளுக்குள் செம்பு இருக்கும். அங்கே அமோனியாவும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்ந்து வெறும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாறும். செம்புதான் ஊக்கி.

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக ஒட்சைட்டுகளாகி, அந்தச் செம்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அமோனியாவோடு சேர்ந்து உப்பாகித் துளைகளையும் அடைக்கும். ஒட்டிய கந்தகத்தைப் போக்க ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அப்படியும் இழந்த சக்தி முழுவதும் திரும்பாது.

எங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது? ஊருக்குள் நாலு கிலோமீற்றர், குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருப்பு, மறுபடி மெல்ல ஒரு பயணம். புகைக்குழாய் அந்த அளவுக்குச் சூடாவதே அரிது. கந்தகம் தாக்கிய ஊக்கி அதிகம் தடுமாறுவதும் குறைந்த சூட்டில்தான். நெடுஞ்சாலையில் ஓடும் லொறியைவிட எங்கள் வண்டிக்குத்தான் ஆபத்து கூட.

ஐரோப்பாவில் 2009 முதல் வீதி வாகன டீசலில் கந்தகம் மில்லியனில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அக்கரையில் இந்தியா 2020 ஏப்ரலில் புது இயந்திர விதியையும் அதே 10 பங்கு டீசலையும் நாடு முழுக்க ஒன்றாகவே கொண்டுவந்தது. இங்கே வண்டி முந்திவிட்டது, எரிபொருள் பின்னால் வருகிறது. லங்கா சுப்பர் டீசலின் உச்ச அளவு 10 பங்கு. சாதாரண ஓட்டோ டீசலில் அதைவிடப் பல மடங்கு. விலை குறைவென்று அதைத்தான் அடிக்கிறோம்.

கராஜ்காரரைக் குறை சொல்லவில்லை. கையில் இருப்பதை வைத்துத்தான் அவரும் வழி சொல்கிறார். ஆனால் சிஸ்டத்தைக் கழற்றினால் விளக்கு அணையும், புகை அணையாது. இறங்குதுறையில் வண்டிக்குப் பின்னால் நிற்பது எங்கள் பிள்ளைகள். ஐயாவோ, நானாவோ, அந்தக் காற்றை எல்லோரும்தான் இழுக்கிறோம்.

எல்லோரும் சுப்பர் டீசல் வாங்க வேண்டும் என்பதல்ல எங்கள் கருத்து. பழைய லான்ட்மாஸ்டருக்கும் வள்ளத்துக்கும் இந்த ஊக்கி கிடையாது. அந்த ஏழைத் தொழிலாளியின் தலையில் கூடுதல் விலையைக் கட்டுவது நியாயமில்லை. யூரியாத் தாங்கி உள்ள வண்டிக்கு மட்டும் அதுதான் சரி. ஊக்கியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் டீசல் விலை வித்தியாசம் சின்னது.

ஆகவே மூன்று விடயம். வண்டி வாங்க முன் யூரியாத் தாங்கி உண்டா என்று கேளுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மூன்றாவது, தீவகத்துக்கு வரும் எரிபொருளில் சுப்பர் டீசலுக்கும் நிரந்தரமாக ஒரு பங்கு வேண்டும் என்று பிரதேச சபை உறுப்பினர்களிடம் சேர்ந்து கேட்போம். 2022இல் வரிசையில் நின்றபோது எந்த டீசல் என்று கேட்கும் நிலை இருக்கவில்லை. இப்போது கேட்கலாம்.

காற்றும் ஓர் அமானிதம். அடுத்த தலைமுறைக்கு அதைக் கெடுக்காமல் ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைப் பகிருங்கள். வஸ்ஸலாம்.