கொற்கை என்ற பெயரில் இரண்டு கோப்புகள்



"கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள், தமிழில் வைத்தால் வம்பு" என்று பள்ளிகளில் இன்னமும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஒரு காலத்தில் அது சரிதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்தது. கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றிப் படிக்கலாம். கோப்பின் பெயருக்கு அப்படிச் செய்ய முடியாது. அது ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரியும். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றபின் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது.

மிச்சம் இருப்பது ஒன்று. நம் பக்கத்துக் கொற்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு, யூ.டி.எஃப்-8 முறையில், முதல் 'கொற்கை' 18 பைட். இரண்டாவது 21 பைட். தூத்துக்குடிக்கு இந்தத் தொல்லை இல்லை, கோவில்பட்டிக்கு உண்டு.

மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயரைப் பிரித்தே வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். அந்த மேக்கிலிருந்து ஜிப் செய்து வந்த கோப்பை லினக்ஸில் விரித்தால், ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கலாம். அது மதிப்பெண் பட்டியல் என்றால்? ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை அச்சிட்டால் பாதிக்கப்படுவது பிள்ளை அல்லவா!

இதற்குத் தமிழைக் குறை சொல்வது நியாயமா? இரண்டு வடிவமும் சமம் என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை. பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளுக்கும் இதே சிக்கல் உண்டு. கிட் என்ற மென்பொருள் 2012-லேயே மேக் கணினிக்காக இதற்கு வழி செய்துவிட்டது. ஆக, முடியாத காரியமில்லை.

அரசுக்கும் பள்ளிக்கும் மென்பொருள் வாங்குவோர் 'கொற்கை', 'கோவில்பட்டி', 'கௌரி' என மூன்று பெயர்களை இரு வடிவிலும் கொடுத்துச் சோதிக்கட்டும். தேறாவிட்டால் திருத்தித் தரச் சொல்லட்டும். மென்பொருள் செய்யும் தவறுக்காகப் பிள்ளைகள் தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டாம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கணினி ஆசிரியர்களுக்குப் பகிருங்கள்.