பல் கட்டும் தொழிலுக்கு ஒரு பட்டப்படிப்பு: திருகோணமலை கேட்க வேண்டியது

கிண்ணியாவிலோ மூதூரிலோ வயது முதிர்ந்த முஅல்லிம் ஒருவரிடம் ஓதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூன்று புள்ளி 'ஸா', 'தால்', 'ளா' ஆகிய எழுத்துகள் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் சரியாகப் பிறக்கும். 'ஃபா' பிறக்க மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் பட வேண்டும். முன்பற்கள் விழுந்துவிட்டால், நாற்பது வருடம் தஜ்வீத் சொல்லிக் கொடுத்தவரின் வாயிலும் மக்ரஜ் நழுவிவிடும். "பல்லுப் போனா ஓதலும் போச்சு மகன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு மருத்துவத் தேவை. அதற்குத் தீர்வும் உண்டு. தீர்வைச் செய்து கொடுக்கும் ஆட்கள்தான் எமது மாவட்டத்தில் போதாது.

பல் பிடுங்குவதற்கு ஆள் கிடைக்கிறது. பிடுங்கிய இடத்தில் பல் கட்டுவதற்கு ஆள் கிடைப்பது கடினம். இந்தக் குறையையும், உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் எமது வீடுகளில் எழும் "அடுத்து என்ன படிப்பது?" என்ற கேள்வியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

இருக்கும் கதவுகளும் இல்லாத கதவும்

இலங்கையில் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் ஆரம்பமாகி, பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பல தசாப்தங்களாக நாடு முழுவதற்கும் பேராதனை ஒன்றே பல் மருத்துவ பீடமாக இருந்தது. அண்மைக் காலத்தில்தான் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் வந்தது. பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமைக்கு 40 சதவீதம், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 சதவீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம் என்பது நீண்டகால ஏற்பாடு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அப்படியிருந்தும் உயிரியல் பிரிவில் எழுதும் எமது பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் வெளியேதான் நிற்கிறார்கள். இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின் வரும் ஓர் இலக்கம் பல வருட உழைப்பைத் தீர்மானித்துவிடுகிறது.

அவர்களுக்கு எஞ்சுபவை தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிரியக்கவியல், இயன்மருத்துவம் போன்ற இணை சுகாதார விஞ்ஞானப் பட்டங்கள். எல்லாம் நல்ல துறைகளே. ஆனால் எமது பிள்ளைகள் விண்ணப்பிக்கும் அந்த வரிசையில் பல் தொழில்நுட்பம் என்ற பெயர் வருவதில்லை. பல் செட், கிரவுன், பிரிட்ஜ், பற்களை நேராக்கும் கருவிகள் ஆகியவற்றைச் செய்யும் பல் தொழில்நுட்பவியலாளர், சுகாதார அமைச்சின் துணை மருத்துவ ஆளணிக்குள் பயிற்றப்படும் ஒருவராகவே இன்றும் இருக்கிறார்.

வெளிநாடுகளில் என்ன நடக்கிறது?

நியூசிலாந்தின் டுனெடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பல் தொழில்நுட்பம் மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதற்கு மேல் ஒரு வருடம் படித்து கிளினிக்கல் டென்டல் டெக்னாலஜி எனப்படும் பட்டப்பின் டிப்ளோமாவைப் பெறலாம். முதல் கட்டம் ஆய்வுகூட வேலை. இரண்டாம் கட்டம் நோயாளியை நேரில் பார்த்து, வாயின் அச்சு எடுத்து, பல் செட்டைத் தாமே செய்து பொருத்திக் கொடுக்கும் தகுதி. இந்த இரு தொழில்களும் அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டு ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

பிரித்தானியாவில் பல் தொழில்நுட்பவியலாளர்கள் 2008 முதல் பொதுப் பல் மருத்துவப் பேரவையில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கிளினிக்கல் தகுதி பெற்றவர், பற்கள் முழுவதும் இழந்த ஒருவருக்கு முழுப் பல் செட்டை நேரடியாகச் செய்து கொடுக்கலாம். வாயில் சில பற்களாவது எஞ்சியிருந்தால் முதலில் பல் வைத்தியர் பார்த்துச் சிகிச்சைத் திட்டம் எழுத வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேறு பெயர்களில் இதே தொழில் இருக்கிறது.

நியூசிலாந்தை முதலில் குறிப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க, பல் வைத்தியர் அல்லாத ஒரு தனி ஆளணியைப் பயிற்றலாம் என்று 1921இல் தொடங்கிக் காட்டிய நாடு அது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியுடன் அதே முறை மஹரகமவுக்கு வந்தது. இன்று எமது பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இருக்கும் சிகிச்சையாளர்கள் அதன் தொடர்ச்சி. அன்று அந்நாட்டிடம் ஒரு பாடம் கற்று எமதாக்கிக்கொண்டோம். இரண்டாவது பாடத்தையும் கற்பதில் தவறில்லை.

ஐந்து முறை பஸ் ஏறும் நோயாளி

ஒரு முழுப் பல் செட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் விடயம் இன்னும் தெளிவாகும். முதல் வருகையில் அச்சு எடுப்பார்கள். இரண்டாவதில் நுணுக்கமான அச்சு. மூன்றாவதில் மெழுகுக் கட்டை வைத்து மேல் தாடையும் கீழ்த் தாடையும் சந்திக்கும் அளவைக் குறிப்பார்கள். நான்காவதில் மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதன் பின்னரே ஆய்வுகூடத்தில் மெழுகு உருக்கப்பட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் அழுத்தி வேகவைக்கப்படும். ஐந்தாவது வருகையில் பொருத்துவார்கள். ஈறு உரசிப் புண்ணானால் ஆறாவதும் உண்டு.

புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மூதூர் கொட்டியாரக் குடாவின் அக்கரையில். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் கிடைக்கும் வரை படகுப் பாதைதான். கடலுக்குப் போகும் ஒருவர் அல்லது வயல் கூலிக்குப் போகும் ஒரு தாய், ஒரு பல் செட்டுக்காக ஐந்து நாள் வருமானத்தையும் ஐந்து நாள் பஸ் காசையும் இழக்க வேண்டும். வைத்தியரிடமிருந்து அச்சு வெளியூர் ஆய்வுகூடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் இடைவெளி வாரக்கணக்கில் நீளும். பலர் இரண்டாவது வருகையோடு நின்றுவிடுவதில் ஆச்சரியமில்லை. அப்படி நின்றவர்களில் சிலர் பதிவில்லாமல் 'பல்லுக் கட்டும்' ஆட்களிடம் போகிறார்கள். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவில்லாத சிகிச்சையைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் தேவை இருக்கும் இடத்தில் முறையான சேவை இல்லாதபோது சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

அச்சு எடுப்பவரும் பல் செட் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், பாதி அலைச்சல் குறைந்துவிடும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் போன்ற ஆதார வைத்தியசாலைகளில் சிறியதொரு ஆய்வுகூடமும் பட்டம் பெற்ற இருவரும் இருப்பதே போதுமான ஆரம்பம்.

பல் வைத்தியர்களின் ஆட்சேபம்

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, பட்டம் பெற்ற பல் வைத்தியர்களே அரச நியமனத்துக்காகக் காத்திருந்ததை அண்மைய ஆண்டுகளில் பார்த்தோம், இன்னொரு ஆளணி எதற்கு என்பது. பதில் எளிது. தொழில்நுட்பவியலாளர் இல்லாத வைத்தியரால் பல் பிடுங்கவும் அடைக்கவும் முடியும், பல் கட்டிக் கொடுப்பது கடினம். இந்த இரு ஆளணியும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல.

இரண்டாவது ஆட்சேபம் கனதியானது. இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே அதன் பிரதான காரணம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. மீனவர்களிடமும் எமது மூத்தம்மாக்களிடமும் வெற்றிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது. பல் செட்டுக்காக வரும் ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலம் இருந்து, அச்சு எடுப்பவர் அதைக் கவனிக்காமல் விட்டால், பறிபோவது உயிர்.

ஆகவே நியூசிலாந்து முறையை அப்படியே பிரதி செய்ய முடியாது. வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளங்களைக் கண்டறிந்து உடனே அனுப்பி வைக்கும் பயிற்சி இங்கே பாடத்திட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். பல் செட் செய்வதற்கு முன் ஒவ்வொருவரையும் பல் வைத்தியர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்ற விதியுடன் தொடங்கலாம். அப்படிச் செய்தால் இந்தப் புதிய ஆளணி நோயைத் தவறவிடும் ஓட்டையாக இராது. நோயைப் பிடிக்கும் இன்னொரு கண்ணாக அமையும். அதுமட்டுமன்றி, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் மேலண்ணத்தை இழந்தவர் மீண்டும் பேசவும் விழுங்கவும் அந்தத் துவாரத்தை மூடும் செயற்கைத் தட்டு தேவை. அண்ணப் பிளவுடன் பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பால் குடிக்க உதவும் தட்டு தேவை. அவற்றைச் செய்வதும் இதே கைகள்தான்.

சமூகத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்ட மக்களில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். இந்த மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குச் செல்வோரில் பலர் சாரதியாகவும் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் செல்கிறார்கள். மூதூரிலிருந்து சென்ற ஒரு பிள்ளைக்கு 2013 ஜனவரியில் சவூதியில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதே சவூதியிலும் அமீரகத்திலும் பல் தொழில்நுட்பவியலாளருக்கு உரிமம் வழங்கும் முறை இருக்கிறது. கையில் ஒரு பட்டமும் பதிவும் இருந்தால் அதே விமானத்தில் வேறொரு மரியாதையுடன் ஏறலாம். முப்பரிமாண அச்சும் கணினி வடிவமைப்பும் இந்தத் தொழிலை மாற்றி வருகின்றன. வாயை ஸ்கேன் செய்த கோப்பு ஒரு நாட்டிலும், பல்லை வடிவமைக்கும் கை இன்னொரு நாட்டிலும் இருக்க முடிகிறது. வெளிநாடு போக விரும்பாத, போக முடியாத எமது பெண் பிள்ளைகளுக்கு இது முக்கியம். ஆசிரியத் தொழில் ஒன்றையே நம்பியிருக்கும் அவர்களுக்கு ஊரிலேயே செய்யக்கூடிய இன்னொரு கௌரவமான தொழில் கிடைக்கும். வாயைத் திறந்து காட்டப் பெண் ஒருவரே வேண்டும் என்று தயங்கும் தாய்மாரின் தயக்கமும் தீரும்.

மார்க்க ரீதியிலும் இது எமக்கு அந்நியமான துறையல்ல. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற ஸஹாபி, வெள்ளியில் செய்து வைத்த மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. தேவைக்காகத் தங்கப் பல் கட்டுவதற்கு உலமாக்கள் எடுத்துக்காட்டும் ஆதாரம் அது. ஆயிரம் வருடங்களுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அல்ஸஹ்ராவி, ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டுவதையும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் தமது அத்தஸ்ரீஃப் நூலில் விளக்கியிருக்கிறார்.

யார் என்ன செய்யலாம்?

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் மேற்பார்வையில், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையைச் செய்முறைக் களமாகக் கொண்டு, ஒரு பல் தொழில்நுட்பப் பட்டத்தை ஆரம்பிக்குமாறு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். ஏற்கெனவே சேவையிலுள்ள தொழில்நுட்பவியலாளர்கள் மேலதிகமாகப் படித்துப் பட்டம் பெறும் வழியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதிவும் செயல் எல்லையும் இலங்கை மருத்துவ சபையின் கீழ் வரையறுக்கப்பட வேண்டும். பட்டம் முதலில், சட்டம் பிறகு என்று விட்டால் பிள்ளைகள் சான்றிதழோடு வீதியில் நிற்பார்கள்.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் மூவினத்தவரும் சேர்ந்து இதை முன்வைக்க வேண்டும். பல் விழுவதற்கு இனமில்லை. கந்தளாய் விவசாயிக்கும் நிலாவெளி மீனவருக்கும் இதே ஐந்து பஸ் பயணம்தான். ஸகாத் குழுக்களும் ஜம்இய்யதுல் உலமா கிளைகளும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும், மருத்துவத்துக்குத் தெரிவானவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாமல், தசமத்தில் தவறிய பிள்ளைக்கு வழிகாட்டும் ஒரு மாலை நேரத்தையும் ஏற்பாடு செய்யட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, வாய்ச் சுகாதார நோய்களால் ஏறக்குறைய 350 கோடி மக்கள் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. இவ்வளவு பெரிய தேவைக்கு முன்னால் எமது பிள்ளைகளின் கை சும்மா இருக்கத் தேவையில்லை.

கிண்ணியாவின் அந்த முதிய முஅல்லிமுக்குத் தேவைப்படுவது முன்பற்கள் சரியாகப் பொருந்திய ஒரு பல் செட். அதை அவரிடம் ஓதிப் படித்த ஒரு பிள்ளையே, அதே ஊர் வைத்தியசாலையில், செய்து கொடுக்கும் நிலை வர வேண்டும்.