உதிர்ந்தால் பழம், புளித்தால் வழக்கு

சென்ற ஆகஸ்டில் கொடைக்கானலை அடுத்த வில்பட்டிப் பக்கம், நண்பர் ஒருவரின் தோட்டத்தில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மரத்தடியெங்கும் பேரிக்காய்கள் உதிர்ந்து கிடந்தன. விலை கட்டவில்லை என்று பொறுக்காமல் விட்டவை. நடக்கும்போது இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு நெடி காலடியிலிருந்து எழுந்தது. குளவிகள் அவற்றை மொய்த்துவிட்டுப் பறக்க இயலாமல் புல்லில் தடுமாறிக்கொண்டிருந்தன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், "இவ்வளவும் வீணாகிறதே ஐயா" என்றேன். "உதிர்ந்தா பழம் தம்பி, புளிச்சா கேசு" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த வாக்கியம் மலையிறங்கிய பின்னும் விடவில்லை. பழம் வழக்காக மாறும் அந்தக் கணம் எது? அதைத் தீர்மானிப்பது யார்? ஊர் திரும்பியதும் சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். சட்டம் பயின்றவனல்லன், சொற்களோடு பழக்கமுள்ள ஒரு வாசகன், அவ்வளவே. ஆயினும் படித்தவரையில் கண்டது வியப்பளித்தது.

முதல் வியப்பு, மது உணவு என்பது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, உணவு என்பதற்குத் தரும் விளக்கத்தில் குழந்தை உணவு, புட்டியில் அடைத்த குடிநீர் ஆகியவற்றோடு மதுபானத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் கீழ் 2018இல் மதுபானங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறைகள் வெளியாகி, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கன அளவில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் ஆல்ககால் உள்ள பானம் எதுவோ அது மதுபானம் என்று அவை கோடு கிழிக்கின்றன. பின் காய்ச்சி வடித்தவை, ஒயின்கள், பீர் வகைகள் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து, எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்று சொல்லிச் செல்கின்றன.

0.5 என்ற அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது. ஏனெனில் அது இயற்கையை ஒப்புக்கொள்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு மதுவிலக்கு தெரியாது. கனிந்த வாழையிலும், முதல்நாள் நீராகாரத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பழனி மலையடிவாரத்திலேயே இதற்கு ஓர் அழகிய எதிர்ச்சான்று உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழை, சர்க்கரை, தேன் என்று நொதிக்கத் தேவையான அனைத்தும் இருக்கின்றன. ஆனால் ஒரு சொட்டு நீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையின் அடர்த்தி ஈஸ்டைத் தலையெடுக்கவிடாமல் அமிழ்த்திவிடுகிறது. நீர் சேர்த்திருந்தால் அது வேறொன்றாக ஆகியிருக்கும். பிரசாதத்திற்கும் மதுவுக்கும் இடையில் இருப்பது சில குவளை நீர்.

இரண்டாவது வியப்பு, ஒழுங்குமுறைகளின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தேன்மதுவுக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பியர் மீட் என்று அழைக்கும் பானம் இது. நம் சட்டநூலுக்குப் புதியது, நமக்குப் புதியதா? பழனியை, அதாவது திருவாவினன்குடியை, முருகனின் வீடுகளில் ஒன்றாகப் பாடும் திருமுருகாற்றுப்படைதான், குன்றுதோறாடலில், நெடிய மூங்கிலில் முதிரவைத்த தேன்தேறலை மலைக்குடிகள் சுற்றத்தோடு பருகிக் குரவை ஆடுவதையும் பாடுகிறது. பெரும்பாணாற்றுப்படையோ இன்னும் துல்லியம். அரிசிக் களியை ஆறவைத்து, முளையைச் சேர்த்து, இரு பகலும் இரவும் சாடியில் இருத்தும் முறையை வரிசையாகச் சொல்கிறது. முளைகட்டிய தானியம் கொண்டு நொதிக்க வைப்பது என்பது இன்றைய பீருக்கும் பொருந்தும் இலக்கணமே.

கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி, அரியல் என்று நம் முன்னோர் எத்தனை சொற்கள் வைத்திருந்தார்கள்! எல்லாவற்றுக்கும் இன்று நுண்ணிய வேறுபாடு சொல்ல நம்மால் இயலாமல் போகலாம். ஆனால் தெளிந்தது தேறல், அரிசியில் விளைந்தது தோப்பி என்ற அளவிலாவது பொருள் தெரிகிறது. இன்று தமிழகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: சரக்கு. எதிலிருந்து வந்தது, எவ்வாறு ஆக்கப்பட்டது என்ற கேள்வியே அந்தச் சொல்லில் இல்லை. வண்டியில் வந்து இறங்குவது சரக்கு. அவ்வளவுதான்.

இதைக் குடிப்பவரின் மொழி வறுமை என்று ஒதுக்கிவிட முடியாது. மாநிலத்தின் மொழியும் அதுவே. 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம் இன்றும் நம் மதுச் சட்டம். ஆல்ககால் அடங்கிய திரவங்கள் அனைத்தையும் ஒரே வலையில் அள்ளும் சட்டம் அது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சட்டத்தின் பெயரில் மட்டும் மதுவிலக்கு அப்படியே இருக்கிறது.

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேடிக்கை புலப்படும். பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளிலும், அவற்றைத் தொடர்ந்த 2011ஆம் ஆண்டின் தரநிர்ணயங்களிலும் கள்ளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தென்னை, பனை, ஈச்சை போன்றவற்றின் சாறு நொதித்தது. வெண்மையாய்க் கலங்கலாய் இருக்க வேண்டும். வைத்திருந்தால் அடியில் வண்டல் படிய வேண்டும். வெளியிலிருந்து ஆல்ககால் சேர்க்கக் கூடாது. குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகள் இருக்கக் கூடாது. எழுதியவர் கள்ளைக் கண்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கள் 1987 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டது. இலக்கணம் உள்ள பொருளுக்கு இங்கே கடை இல்லை.

கடை உள்ள பொருளின் இலக்கணம் என்ன? பிராந்தியை எடுத்துக்கொள்வோம். திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தது பிராந்தி என்பது உலக வழக்கு. நம் ஒழுங்குமுறைகளும் அந்தத் தூய பிராந்தியை முதலில் சொல்கின்றன. அடுத்ததாகக் கலவைப் பிராந்தி வருகிறது. அதில் உண்மையான பிராந்தி குறைந்தது 2 விழுக்காடு இருந்தால் போதும். மீதிக்கு எரிசாராய வகையைச் சேர்க்கலாம். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வருவதும் அதில் அடக்கம். விஸ்கியின் கதையும் இதற்கு வெகுதூரம் இல்லை. தானியத்திலிருந்து வடித்து, மரப்பீப்பாயில் மூன்றாண்டு வைக்காததை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்று ஏற்பதில்லை. கழிவுப்பாகுச் சாராயத்தை எந்த நிறத்தில் கலந்தாலும் அங்கே அதற்கு அந்தப் பெயர் கிடைக்காது.

ஆக, கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளைகிறது. பழனி மலையில் பேரியும் பிளம்சும் உதிர்ந்து மட்குகின்றன. இவற்றின் கீழே சமவெளியில் திராட்சைப் படம் ஒட்டிய புட்டியில் கரும்புக்கழிவு விற்பனையாகிறது. இதை யாரும் மறைக்கவில்லை. சட்டத்தில் தெளிவாக எழுதியே இருக்கிறது. படிப்பவர்தாம் இல்லை.

மறுப்பு எழும் என்று அறிவேன். "பழத்தில் செய்தால் மட்டும் குடி நல்லதாகிவிடுமா?" ஆகாது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும், சிறிய கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான் என்று அதியமானை நினைந்து அழுத ஔவையும் நம்மவர்களே. இருவரில் ஒருவரை விட்டுவிட்டு நம் மரபைப் பேச முடியாது. குடியால் குலைந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அவ்வீட்டுப் பெண்கள் முழு மதுவிலக்கைக் கேட்டால் எதிர்த்துப் பேச எனக்கு நாவெழாது. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவும் அவர்கள் பக்கம். ஊட்டச்சத்தை உயர்த்துவதையும் போதைதரும் பானங்களை விலக்குவதையும் ஒரே பிரிவில் அரசின் கடமையாக அது வைக்கிறது.

ஆனால் நாம் இருப்பது அந்த விலக்கில் அல்ல. அரசே விற்கும் நாட்டில் இருக்கிறோம். விற்பவர் பொருளின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது மளிகைக் கடைக்காரருக்கும் உள்ள கடமை.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சி காட்டியது. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்ததைக் குடித்து இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இருபதுக்கும் மேற்பட்டோர். மெத்தனால் எந்த மதுவின் இலக்கணத்திலும் வராத ஆலை இரசாயனம். அதை விற்றவரும் 'சரக்கு' என்றே விற்றார், குடித்தவரும் 'சரக்கு' என்றே குடித்தார். அதன் பின் தண்டனை ஆயுள் சிறைவரை கூட்டப்பட்டது. 2024 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மாநிலப் பட்டியலிலுள்ள போதைதரும் மது என்ற சொல் தொழிற்சாலை ஆல்ககாலையும் உள்ளடக்கும் என்றது. மாநிலத்தின் கை நீண்டிருக்கிறது, நல்லது. நீண்ட கை பிரித்தறியவும் வேண்டும்.

நான் கேட்பது இரண்டே. ஒன்று, புட்டியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில், உள்ளே இருப்பது திராட்சையா, தானியமா, கரும்புக்கழிவா, எதில் எத்தனை பங்கு என்று அச்சிடுவது. உடல்நல எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. இரண்டு, பழங்களிலிருந்து குறைந்த ஆல்ககால் ஒயின் செய்யும் சிற்றாலைகளைப் பற்றிய திறந்த விவாதம். இம்மலைத்தொடரின் மறுசரிவில் கேரளம் 2022இல் அதற்கு விதிகள் வகுத்துவிட்டது. வேண்டாம் என்று முடிவானாலும் சரி; பேசி முடிவு செய்த வேண்டாமாக அது இருக்கட்டும்.

கிளம்பும் அன்று காலை பெரியவர் உதிர்ந்த பேரிகளை மண்வெட்டியால் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மரத்துக்கு உரம் என்றார். சாக்கு நிறைய நல்ல காய்களைக் கட்டித் தந்து, "வீட்ல வச்சுப் பழுக்க விடுங்க தம்பி, ரொம்ப நாள் வச்சிராதீங்க" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு கனிந்து, பை முழுதும் அந்த நெடி.