கோடை முகாமும் கலையாத மூன்று மணி நேரமும்

மார்ச் மாதம் முடிவதற்குள்ளாகவே நம் நகரங்களின் மாண்டிசோரி பள்ளி வாசல்களில் கோடை முகாம் அறிவிப்புகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. களிமண் பொம்மை, காகித மடிப்பு, அடுப்பில்லாச் சமையல், யோகா, கதைசொல்லல், நீர் விளையாட்டு, கடைசி நாளில் மேடை நிகழ்ச்சி, பங்கேற்ற அனைவருக்கும் சான்றிதழ். பட்டியலின் நீளமே முகாமின் தகுதியாகக் கருதப்படுகிறது. காலை 9.30 முதல் 12.30 வரையிலான மூன்று மணி நேரம் அரைமணித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, துண்டுக்கு ஒரு செயல்பாடு ஒதுக்கப்படுகிறது. மதியத்துக்குள் வாட்ஸப் குழுவில் படங்கள் வந்துசேரும். முகாம் முடிந்ததும், எத்தனை குழந்தைகள், எத்தனை செயல்பாடுகள் என்ற கணக்கோடு வண்ணச் செய்திமடல் ஒன்று வெளியாகும்.

இந்தப் பட்டியலில் உள்ள எதன்மீதும் எனக்குப் பகை இல்லை. களிமண்ணைத் தொடாமல் கழியும் பிள்ளைப் பருவம் ஒரு குறைதான். என் ஆட்சேபம் நறுக்கப்பட்ட அந்த நேரத்தின் மீது. வேறொரு பள்ளி இப்படி முகாம் நடத்தினால் பொழுதுபோக்கு ஏற்பாடு என்று கடந்து போய்விடலாம். மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் தாங்கும் பள்ளி இதைச் செய்யும்போது, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறதோ அதையே கோடை முழுவதற்கும் பூட்டி வைத்துவிடுகிறது.

மாண்டிசோரி கல்வி என்றவுடன் 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான பத்துக் கனசதுரங்களால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரமும், விரலால் தடவி அறியும் உப்புத்தாள் எழுத்துகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மரியா மாண்டிசோரி தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. ரோம் நகரில் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளிலிருந்து சிறு உருளைகளை வெளியே எடுப்பதும், அளவறிந்து மீண்டும் பொருத்துவதுமாக இருந்தாள். மாண்டிசோரி மற்றக் குழந்தைகளைப் பாடச் சொல்லிப் பார்த்தார். சிறுமி அமர்ந்திருந்த நாற்காலியை அவளோடு சேர்த்துத் தூக்கி மேசைமீது வைத்தும் பார்த்தார். அவள் உருளைகளை மடியில் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே நிறுத்தினாள். அப்போது அவளிடம் களைப்பின் சுவடே இல்லை, நல்ல உறக்கத்திலிருந்து விழித்தவளைப் போல இருந்தாள் என்று பதிவு செய்கிறார் மாண்டிசோரி. அவருடைய கல்விமுறை முழுவதும் இந்த ஒரு காட்சியின் விரிவுரை என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் கவனம் வரவேண்டுமானால் நேரம் கலையாமல் இருக்கவேண்டும். ஆகவேதான் மாண்டிசோரி வகுப்புகளில் இடையூறில்லாத மூன்று மணி நேர வேலைப்பொழுது அடிப்படை விதியாயிற்று. அந்தப் பொழுதின் நடுவில் ஒரு சலசலப்பு எழும். குழந்தைகள் எழுந்து உலாவுவார்கள், பேசுவார்கள், ஆசிரியருக்கு வகுப்பு கைநழுவிப் போவதாகத் தோன்றும். இதை மாண்டிசோரி பொய்க் களைப்பு என்றார். பொறுத்திருந்தால் அதன்பிறகே குழந்தை அன்றைய பெரிய வேலையைத் தேர்ந்தெடுக்கும் என்பது அவர் கண்டது. நம் கோடை முகாம்களில் மணி அடிப்பது பெரும்பாலும் இந்தச் சலசலப்பு எழும் கட்டத்துக்கு முன்னரே. பொய்க் களைப்பைத் தாண்டிச் செல்ல அங்கே எந்தக் குழந்தைக்கும் வழியில்லை. களிமண் கையில் பதமாகி வரும்போதே அடுத்தது காகித மடிப்பு என்று எழுப்பிவிடுகிறார்கள். கைபேசியிலிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்காகவே பல பெற்றோர் முகாமை நாடுகிறார்கள். அரைமணிக்கொரு முறை காட்சியை மாற்றும் முகாம் அந்தக் கைபேசியின் பழக்கத்தையே நல்ல உடை உடுத்தி அனுப்பி வைக்கிறது என்பதை யோசிக்கவேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் பதில் எனக்குத் தெரியும். 'இது பள்ளி அல்ல, முகாம்தானே? விடுமுறையில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தால் போதாதா? தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள், அல்லது இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் அடுக்குமாடி வீட்டுக்குள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?' நியாயமான கேள்விகள். குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்ல ஓர் இடம் வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாண்டிசோரி கல்வி பிறந்ததே அந்தத் தேவையிலிருந்துதான்.

1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அங்கிருந்த குடியிருப்புகளில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளிலும் முற்றங்களிலும் திரிந்தன. அவை சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின என்பது கட்டட உரிமையாளர்களின் கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்றுதான் மருத்துவரான மாண்டிசோரியை அணுகினார்கள். அங்கே பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, வயதுவாரியான வகுப்புப் பிரிவு இல்லை. வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு நீண்ட பகல் இருந்தது.

இந்த விவரணை எதை நினைவூட்டுகிறது? ஜூன் முதல் மார்ச் வரை நடக்கும் நம் பள்ளியையா, கோடை முகாமையா? ஆண்டு முழுவதும் நம் மாண்டிசோரி பள்ளிகள் ஒரு சமரசத்தில் வாழ்கின்றன. அடுத்து எந்தப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற பெற்றோரின் அச்சம், எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டதா என்ற விசாரிப்பு, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த நெருக்கடி எதுவும் இல்லாத ஒரே மாதம் மே. 1907ஆம் ஆண்டின் அறைக்கு மிக அருகில் நிற்பது கோடை முகாம்தான் என்பது என் துணிபு. அந்த மாதத்தில்தான் பள்ளி தன் கொள்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மந்திரவாதியைக் கூப்பிடுகிறது.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, ஆசிரியர் பயிற்சி நடத்த வந்த பயணம் அது. ஓலை வேய்ந்த குடில்களில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 300 பேர் அளவில் அவரிடம் பயின்றார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டவர் ஆனார். மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று தாயின் 70ஆவது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதப் பயணம் 1946 வரை நீண்டது. அந்த ஆண்டுகளில் ஒரு பகுதி கொடைக்கானலில் கழிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அண்டக் கல்வி என்ற அவருடைய சிந்தனை அங்கே, பல வயதுக் குழந்தைகளோடும் மலையின் செடிகொடிகளோடும் உருப்பெற்றது. நாம் கோடைக்கு ஏறிச்செல்லும் அதே மலை. நினைத்ததைவிட நீண்டுபோன காலம்தான் அந்தச் சிந்தனைக்கு இடம் தந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

சரி, முகாமில் என்னதான் செய்வது? புதிதாக வாங்கவேண்டியது அதிகமில்லை. காலையில் வரும் குழந்தைக்கு ஏழெட்டு வேலைகள் தாழ்வான அலமாரிகளில் காத்திருக்கட்டும்: களிமண், ஓலை பின்னல், பூத்தொடுத்தல், பயறு உடைத்தல், கோலப்பொடி, செடிக்கு நீர் ஊற்றும் சிறு செம்பு. எதைத் தேர்வது, எத்தனை முறை செய்வது, எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். மூன்று வயதும் எட்டு வயதும் ஒரே கூடத்தில் இருக்கட்டும். பெரியது செய்வதைச் சிறியது பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு வேலையே.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். முகாம்களில் அது 'மரபு விளையாட்டு' என்ற தலைப்பில் அரைமணி நேரம் காட்சிக்கு வைக்கப்படுகிறது. மாண்டிசோரி கருவிகளில் கதிர்ப்பெட்டி என்று ஒன்று உண்டு. 0 முதல் 9 வரை எண்ணிட்ட அறைகளில் மரக்குச்சிகளை எண்ணிப் போடவேண்டும். சுழியத்தின் அறை வெறுமையாக நிற்கும். ஒன்றுமில்லை என்பதற்கும் ஓர் இடமுண்டு என்று குழந்தை கையால் அறியும். நம் பல்லாங்குழியின் 14 குழிகளில் சோழிகளை ஒவ்வொன்றாக இட்டுச்சென்று, கை ஓய்ந்தபின் அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. எண்ணும் விரலும் முன்கணிக்கும் மனமும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஆனால் வெறுங்குழி எங்கே வாய்க்கும் என்று முன்கூட்டிப் பார்க்கும் கண் ஓர் ஆட்டத்தில் வராது. பத்து ஆட்டம் வேண்டும். அரைமணியில் குழந்தைக்குக் கிடைப்பது பல்லாங்குழியோடு எடுத்துக்கொண்ட ஒரு படம்.

அந்தப் படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆழ்ந்திருக்கும் குழந்தையின் முன் கைபேசியை நீட்டி இங்கே பார் என்று அழைக்கும் கணத்தில், முகாம் தான் காட்ட விரும்பியதைத் தானே அழித்துவிடுகிறது. மாண்டிசோரி தம் ஆசிரியர்களிடம் கேட்டது, விலகி நின்று கவனித்துக் குறித்துவைப்பதை. இன்ன குழந்தை இன்று 50 நிமிடம் ஓலை பின்னியது, மூன்று முறை அவிழ்த்தது, நான்காம் முறை முடிச்சு நின்றது என்று இரண்டு வரி எழுதிப் பெற்றோருக்கு மட்டும் தந்தால், எந்த வண்ணமடலும் அதற்கு ஈடாகாது.

சான்றிதழுக்கும் சான் லொரென்ஸோவிலேயே பதில் இருக்கிறது. பரிசுப் பதக்கம் அணிந்த ஒரு குழந்தை தன் வேலையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாகத் தனி நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்த மற்றொரு குழந்தை அதை எடுத்துக் காட்டியது. வேலையில் இருந்த குழந்தை, தனக்கு அது பொருட்டில்லை, வேண்டுமானால் நீயே அணிந்துகொள் என்று சொல்லிவிட்டது. பரிசும் தண்டனையும் அந்த இல்லத்தில் தேவையற்றுப் போனதற்கு இத்தகைய காட்சிகள் காரணமாயின.

பள்ளிகளை மட்டும் குறைசொல்லி ஒதுங்குவது நேர்மையாகாது. நீளமான பட்டியலுக்குப் பெற்றோராகிய நாம்தான் பணம் கட்டுகிறோம். படம் வரவில்லையே என்று பதினோரு மணிக்குக் குழுவில் கேட்பதும் நாம்தான். தம் விடுமுறையை விட்டுக்கொடுத்து நிற்கும் ஆசிரியைகள், அந்தக் கேள்விக்கு அஞ்சியே குழந்தையைத் தட்டி எழுப்புகிறார்கள். மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் தன் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலையில், அதன் பொருளைக் காப்பது பலகையைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்ப்பவர்களின் பொறுப்பும் ஆகிறது.

அடுத்த கோடையில் முகாமுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது, எத்தனை செயல்பாடுகள் என்று கேட்கவேண்டாம். என் பிள்ளை ஒரே வேலையில் இரண்டு மணி நேரம் மூழ்கிவிட்டால் அவனை அப்படியே விட்டுவிடுவீர்களா என்று கேளுங்கள். ஆம் என்று சொல்லும் பள்ளியிடம், வீட்டுக்கு எதுவும் கொண்டுவராமல் வெறுங்கையோடு அவன் வந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று நாமும் சொல்லிவிட்டு வரவேண்டும்.